வெர்லன் சோதித்த துப்பாக்கியும் நான் கட்டிய சுவரும்

வெர்லன் ஸ்காக்ஸ் ஒரு குளிர்காலம் முழுக்க இடது காலில் ஒரு கம்பெனி பூட்ஸும் வலது காலில் வேறொரு கம்பெனி பூட்ஸும் போட்டுக்கொண்டு கேஸ் லாரி ஓட்டினான். எது முதலில் கிழிகிறது என்று பார்க்கத்தான். இரண்டும் ஒரே வாரத்தில் கிழிந்தன. பிறகு மூன்றாவது கம்பெனியில் ஒரு ஜோடி வாங்கினான். அது எப்படி என்று கேட்டவர்களிடம், "இன்னும் சொல்றதுக்கில்ல" என்றான். பதினாறு வருடமாகிறது. இன்னும் சொல்லவில்லை.

அவனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை. நான் ராய்ஸ் லெட்பெட்டர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். மிசௌரியின் தெற்கே, இந்த ஓசார்க் மலைச்சாரலில், நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் நிற்கிற வீடுகளில் பாதி நான் கட்டியவை. மீதிப் பாதி ஒழுகும். வெர்லனின் வீடும் என் கையால் எழுந்ததுதான். கல்யாணமான மறு வருடம் அவனும் அவன் மனைவி ஓப்பலும் மளிகைக் கடைக் காகிதப் பை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன்மேல் பென்சிலால் ஐந்து கட்டம் போட்டிருந்தது. அந்தப் பையை வைத்து நான் வீடு கட்டினேன். எந்த இஞ்சினியரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டில் ஒரு கதவு கூட இழுத்துச் சாத்த வேண்டியதில்லை.

வெர்லனின் அப்பா மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவர். வெர்லன் பத்தொன்பது வயதில் கேஸ் லாரியில் ஏறினான். தோள்பட்டையில் கத்தி வைத்த பிறகுதான் இறங்கினான். இடையில் இந்த மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு பண்ணை வீட்டிலும் குளிர்காலத்தில் கணப்பு எரிய அவன் இழுத்த ரப்பர் குழாய்தான் காரணம். எந்தச் சாதி நாய் எங்கே கடிக்கும் என்று கேட்டால் பேண்டைத் தூக்கிக் காட்டுவான். அதிகம் பேச மாட்டான். பேசினால் சோதித்துப் பார்த்ததை மட்டுமே பேசுவான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூன்று பொருள் நிற்கும்: துடைப்பம், குடை, துப்பாக்கி. அது அப்படித்தான். கோழிக்கூட்டுக்கு நரி வந்தால் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது. வெர்லன் வீட்டில் நின்றது அவன் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி, தோட்டா போட்டபடி.

இரண்டு வருடத்துக்கு முன் நவம்பரில், வான்கோழி விருந்துக்கு அவன் மகள் கெண்ட்ரா பிள்ளைகளோடு வந்திருந்தாள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூத்தவள் ஹேட்டி, சின்னவன் கோல்பி. கோல்பிக்கு அப்போது நாலு வயது. குதிரை ஓட்டுவதற்குத் துடைப்பத்தை எடுக்கப் போனான். நாங்கள் எல்லாரும் மேஜையில் உட்கார்ந்து பூசணி இனிப்பு தின்றுகொண்டிருந்தோம். அவன் துப்பாக்கியை முனையில் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"இந்தக் குதிரை கனமா இருக்கு" என்றான்.

கெண்ட்ரா எழுந்து போய் அவன் கையிலிருந்து வாங்கி, மடக்கித் திறந்து, இரண்டு தோட்டாவையும் எடுத்து இனிப்புத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வெர்லன்தான் பேசினான்.

"நீ பொறந்ததிலேருந்து அது அங்கதான் நிக்குது. நீ ஒரு நாள் தொட்டிருப்பியா? சொல்லி வளத்தா எந்தப் பிள்ளையும் தொடாது."

அவள் பிள்ளைகளின் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அன்று ராத்திரி நெடுஞ்சாலை மோட்டலில் தங்கினார்கள். அதற்குப் பிறகு வந்தால் பகலில் வருவாள், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவாள். வெர்லன் துப்பாக்கியை அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்தான். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஒரு நாற்காலி போதும்" என்றாள். பிள்ளைகள் அறையில் இரண்டு சின்னக் கட்டில். யாரும் படுக்காத விரிப்புகளை ஓப்பல் மாதா மாதம் துவைத்து விரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் போன வருடம் வெயில் காலத்தில் பக்கத்துப் பண்ணையில் புகுந்து செம்புக் கம்பியை எல்லாம் உருவிக்கொண்டு போனார்கள். ஷெரிஃப் ஆபீசிலிருந்து ஆள் வருவதற்குள் காபி ஆறி, மறுபடி சுடவைத்து, மறுபடி ஆறிவிட்டது. வெர்லன் அன்றைக்கே முடிவு செய்தான், புதிதாக ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் வேண்டும் என்று. அப்பாவின் துப்பாக்கி உதைக்கிற உதைக்கு ஆபரேஷன் செய்த தோள் தாங்காது. சனிக்கிழமை சுடுதளத்திலும் மற்றவர்கள் சுட்டு முடித்துச் சாப்பிடப் போன பிறகு இவன் இன்னும் ஒவ்வொரு தோட்டாவாகத் தள்ளிக்கொண்டிருப்பான். மலிவுச் சரக்கும் வேண்டாம், பட்டணத்துப் பல் டாக்டர் வாங்குவதும் வேண்டாம்; நடு விலையில் ஒன்று. "சுடுதளத்துக்கும் வீட்டுக்கும் ஏற்றது" என்று அதன் அட்டைப் பெட்டியில் போட்டிருந்தது.

"ரெண்டுக்கும்னு போட்டிருக்கான். ரெண்டுக்கும் பாத்துட்டுதான் வாங்குவேன்" என்றான்.

ஓப்பல் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்கு. நான் வேண்டாங்கல. ஆனா பிள்ளைங்க இந்த வீட்டுல படுத்துத் தூங்கணும். அதுக்கும் அது ஏத்ததான்னு பாத்துட்டு வாங்கு. இன்னொரு நவம்பர் அந்தக் கட்டில் ரெண்டும் சும்மா கெடக்கறத நான் பாக்க மாட்டேன், வெர்லன்."

"அதையும் சேத்துக்கறேன்" என்றான்.

எங்கள் ஊரில் தூண்டில் புழுவும் துப்பாக்கியும் ஒரே கடையில்தான். கடைக்காரி கெய்லீன். வாய்க்கு வரி கட்டச் சொன்னால் அவள் திவாலாகிவிடுவாள். அந்த ரைபிளில் ஒன்றைத் தெரிந்த ஆட்கள் சுட்டுப் பார்ப்பதற்கென்று வைத்திருந்தாள்.

"எடுத்துட்டுப் போ. உன்னப் பத்தித் தெரியாதா? புழு வாங்கறதுக்கே மீனக் கூட்டிட்டு வந்து ருசி பாக்கச் சொல்ற ஆளு நீ."

"எவ்வளவு நாள் வெச்சுக்கலாம்?"

"நான் சாகறதுக்குள்ள குடுத்துரு."

சுடுதளத்தில் சனிக்கிழமைகளில் நான்தான் பொறுப்பாளன். என்னைவிடச் சத்தமாகக் கத்தக்கூடிய ஆள் எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் இல்லை என்பதால் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். நான் "களம் ஆறிச்சு" என்று கத்தினால் எல்லாரும் துப்பாக்கியைத் திறந்து காலி என்று காட்டி, மேஜையில் கிடத்திவிட்டு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். இலக்கு அட்டையை மாற்ற ஆட்கள் முன்னால் போயிருக்கும்போது பின்னால் இருப்பவன் துப்பாக்கிப் பக்கம் கை நீட்டக்கூடாது. மூக்குக் கண்ணாடி மேஜையில் இருந்தால் கூட எடுக்கக்கூடாது. ஒரு பாதிரியார் எடுத்தார். அவரை வீட்டுக்கு அனுப்பினேன்.

வெர்லன் அந்த ரைபிளை ஆறு சனிக்கிழமை சுட்டான். நூறு கஜத்தில் ஐந்து குண்டு போட்டு, காபிக் கோப்பை மூடியை வைத்து மூடிப் பார்த்தான். மூடியது. சுத்தம் செய்யாமலே சுட்டான். மழையில் சுட்டான். மண்ணில் போட்டு எடுத்துச் சுட்டான். மலிவான இரும்புத் தோட்டாவைப் போட்டபோது மட்டும் ஒன்று சிக்கிக்கொண்டது. அதைப் பிடுங்கி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மற்றவர்கள் துப்பாக்கியைப் பாராட்டுவார்கள்; இவன் அந்த ஒரு தோட்டாவையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"விசை கொஞ்சம் மணல் அரைக்குற மாதிரி இருக்கு. குழலுக்கு மேல கை வெக்கற எடம் சீக்கிரம் சுடுது. தோள் வலிக்கல."

"அப்ப நல்லதுதானே?"

"சுடுதளத்துக்கு நல்லது."

அதற்கு முன்னாலும் பின்னாலும் அவன் எந்தப் பொருளையும் என் காதுபட நல்லது என்று சொன்னதில்லை. நான் தொப்பியைக் கழற்றி மாட்டினேன்.

"இனி வீடு" என்றான். "ராய்ஸு, அந்தச் சுவரு குண்டத் தாங்குமா?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டான். தூக்குக்குண்டு வைத்துப் பார்க்காமல் நான் ஒரு சட்டம் கூட நிறுத்தியதில்லை.

"நான் கட்டின சுவருல சூறாவளியே முட்டிட்டுத் திரும்பிப் போயிருக்கு" என்றேன்.

"சூறாவளிக்கு முனை கெடையாது. பாத்துருவோம்."

வீட்டுக்குள் சுட முடியாது. ஆகவே வீட்டைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோனோம். கடைசித் தடுப்பில், மண்மேட்டுக்கு முன்னால், அதே மரச்சட்டம், அதே ஜிப்சம் பலகை, அதே இடைவெளி வைத்து நான் எழுப்பினேன். வெர்லன்-ஓப்பல் படுக்கையறைச் சுவர், அப்புறம் நடைவழி, நடைவழிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் அறைச் சுவர், அதற்குப் பின்னால் வெளிச்சுவர். துளைக்கப் போகிற சுவர்தானே என்று சங்கத்து ஆட்கள் சிரித்தார்கள். நான் இணைப்புகளில் பட்டை ஒட்டி, பட்டி பார்த்து, தேய்த்து, ஓப்பல் வீட்டில் அடித்திருக்கிற வெண்ணெய் நிறத்தையே இரண்டு கை அடித்தேன். என் பெயரில் நிற்கிற சுவர் அரை நிமிடம் நின்றாலும் ஒழுங்காக நிற்க வேண்டும்.

சோதனையன்று ஓப்பலும் வந்தாள். சுவர்களைச் சுற்றி நடந்து பார்த்தாள்.

"கட்டில் எங்க?" என்றாள்.

"கட்டில் எதுக்கு?" என்றான் வெர்லன்.

"சோதன வீட்டுக்கா, வெறும் சுவத்துக்கா?"

அவன் லாரியிலிருந்து பால் வாங்குகிற பிளாஸ்டிக் குடுவைகள் இரண்டில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்தான். ஓப்பல் பிள்ளைகள் அறை இருக்க வேண்டிய இடத்தில் பழங்கள் வந்த மரப்பெட்டி இரண்டைப் போட்டு, "இது ஹேட்டி, இது கோல்பி" என்று ஒவ்வொன்றாக வைத்தாள். பிறகு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியது. காதில் மூடியை மாட்டிக்கொண்டேன்.

வெர்லன் படுக்கையில் உட்கார்ந்த உயரத்தில் உட்கார்ந்து, அறை வாசல் இருக்கிற பக்கம் குறிவைத்து, ஒன்று போட்டான். கோல்பி வெடித்துத் தண்ணீர் சிதறியது.

களம் ஆறிய பிறகு போய்ப் பார்த்தோம். சுவருக்கு இரண்டாக ஆறு பலகை. ஆறிலும் ஒரே உயரத்தில் ஓட்டை. நூல் பிடித்தாற்போல் நேராகப் போயிருந்தது. கோணலான சுவரில் குண்டு இப்படிப் போகாது, அதை வெர்லனிடம் சொன்னேன்.

உள்ளே போனதும் உடைந்துவிடும் என்று பெட்டியில் எழுதியிருந்த வீட்டுத் தோட்டாவைப் போட்டுப் பார்த்தான். அது வெளிச்சுவரில் நின்றது. ஆனால் அதற்கு முன் ஹேட்டியைத் தாண்டியிருந்தது. மூலையிலிருந்து சுட்டான். கட்டிலுக்குப் பின்னால் பதுங்குவதுபோல் முட்டி போட்டுச் சுட்டான். தண்ணீர்க் குடுவை தீர்ந்து ஓப்பல் வீட்டிலிருந்து மேலும் எடுத்து வந்தாள். எந்தப் பக்கமிருந்து வாசலைக் குறிவைத்தாலும் கோடு நடைவழியைத் தாண்டி அந்த அறைக்குள்தான் போனது. போகாமல் என்ன செய்யும்? கைக்குழந்தை அழுதால் கேட்க வேண்டும், எதிரிலேயே வையுங்கள் என்று காகிதப் பையில் வரைந்து கொடுத்ததே அவர்கள்தான். அந்தக் கைக்குழந்தை கெண்ட்ரா.

ஓப்பல் துளைத்த சுவரை ஃபோனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். கூட ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த சனிக்கிழமை கெண்ட்ரா பிள்ளைகளைக் கணவனிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். துப்பாக்கியைக் கண்டு பயப்படுகிற பெண் இல்லை அவள். பள்ளி நாளில் இந்தத் தளத்தில் பையன்கள் எல்லாரையும் தோற்கடித்து வாங்கிய கோப்பை இன்னும் சங்கத்து அலமாரியில் இருக்கிறது. அந்த அலமாரியும் நான் செய்தது. அவள் ஒவ்வொரு ஓட்டையிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.

"ராய்ஸ் மாமா, நல்லா பட்டி பாத்திருக்கீங்க."

"ரெண்டு கை பெயிண்ட்டும்மா."

"அப்பா, நீங்களே பாத்துட்டீங்கல்ல?"

"பாத்தேன்" என்றான் வெர்லன். "அதான் யோசன பண்ணியிருக்கேன். நாங்க சின்ன ரூமுக்குப் போயிடறோம். பிள்ளைங்க பெரிய ரூம்ல படுக்கட்டும்."

கெண்ட்ரா ரைபிளைக் கேட்டு வாங்கினாள். காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தாள். பிறகு தோட்டா போட்டு, வீட்டின் அந்தக் கடைசிக்குப் போய், சின்ன அறைப் பக்கமிருந்து பக்கத்து மண்மேட்டைப் பார்த்து ஒன்று சுட்டாள். இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த நாலு பலகையிலும் புதிதாக நாலு ஓட்டை.

"குண்டுக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம்னு தெரியாதுப்பா."

நான் இடையில் புகுந்தேன். "அந்தப் பிள்ளைங்க ரூம சுத்தி நான் ரெட்டைச் செங்கல் வெச்சுக் கட்டித் தரேன். நடுவுல மணல் போடுவேன். பீரங்கி வந்தாலும்…"

"மாமா, அவங்க லீவுக்கு வராங்க. போருக்கு வரல."

வெர்லன் சட்டைப் பையிலிருந்த தோட்டாவைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "நீ வளந்த வீடுதான் அது" என்றான். "கதவுக்குப் பின்னாடி அத்தன வருஷம் நின்னுது. நீ தொடல. ஒனக்கு ஒண்ணும் ஆகல."

கெண்ட்ரா துப்பாக்கியைத் திறந்து, கிடத்தி, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தாள்.

"தொட்டேன்" என்றாள்.

"ரெண்டாங் கிளாஸ் படிக்கும்போது. நீங்க லாரியில, அம்மா தோட்டத்துல. எடுத்துட்டுப் போய்க் கண்ணாடி முன்னாடி நின்னு பிடிச்சுப் பாத்தேன். ஒரு நாள் இல்ல. அந்த வெயில் காலம் பூரா. ஒரு தடவ பின்னாடி தோட்டாவ அடிக்கற சுத்தியலக் கூட இழுத்தேன். திருப்பி விடத் தெரியல. அப்படியே கொண்டுபோய் நிக்க வெச்சுட்டேன்."

வெர்லன் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஆமா. ஒரு நாள் சுத்தியல் இழுத்தபடி, தொட்டா வெடிக்கற மாதிரி இருந்துச்சு" என்றான் கடைசியில். "நான்தான் மறந்துட்டேன்னு நெனச்சேன்."

வாழ்நாளில் அந்த ஒன்றைத்தான் அவன் மறுபடி சோதிக்காமல் நம்பியிருந்தான். ஒரே ஒரு பிள்ளை, ஒரே ஒரு துப்பாக்கி, நல்ல முடிவு என்று முப்பது வருடமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். நானும் என் பிள்ளைகளிடம் அதையே சொல்லி வளர்த்தேன்.

அவன் ரைபிளைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். "வீட்டுக்கு ஏத்தது இல்ல" என்றான்.

"நான் அப்படிச் சொல்லலப்பா. செம்பு திருடறவங்க சும்மா இருக்க மாட்டாங்க, தெரியும். எங்கிருந்து சுட்டா யாரும் இல்லாத பக்கம் போகுமோ அங்க படுங்க. துப்பாக்கி எல்லாத்தையும் பூட்டி வைங்க. பூட்டு நெஜமா பூட்டான்னு நான் பாக்கணும்."

"பாக்காம யாரு விடுவா?" என்றான் அவன்.

யாரும் இல்லாத பக்கம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: ஓப்பலின் தையல் அறை. அங்கிருந்து சமையலறைக் கதவைக் குறிவைத்தால் அதற்கப்பால் தோட்டம், தோட்டத்துக்கப்பால் மலை. ஓப்பல் அன்றைக்கே தையல் இயந்திரத்தை நடைவழிக்குத் தள்ளினாள். "ஓட்டை விழுந்தா மலைக்குத் தைக்கத் தெரியாது, பாவம்" என்றாள். பெரிய கட்டில் அந்த அறையில் நுழையவில்லை. நுழைய வைத்தேன்.

கெய்லீன் கடையிலிருந்து பொத்தான் அமுக்கித் திறக்கிற இரும்புப் பீரோ ஒன்று வந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில் கெண்ட்ரா பிள்ளைகளைக் கூட்டி வந்தாள். வெர்லன் காலிப் பீரோவில் ஒரு பெரிய சாக்லெட் டப்பாவை வைத்துப் பூட்டினான்.

"தெறந்தா உங்களுக்கு" என்றான். "எப்படி வேணாலும் தெறக்கலாம். திட்ட மாட்டேன்."

ஹேட்டி எல்லாருடைய பிறந்த நாளையும் அமுக்கிப் பார்த்தாள். கோல்பி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேலே ஒரு குத்து விட்டு அதே நேரம் கைப்பிடியைத் திருகினான். திறந்துகொண்டது.

வெர்லன் அதைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு கெய்லீன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"என்ன கொற இதுல?" என்றாள் அவள்.

"அஞ்சு வயசுப் பையன் குத்தித் தெறந்துட்டான்."

"எங்க குத்தினான்?"

வெர்லன் காட்டினான். அவளும் குத்திப் பார்த்தாள். கடையில் வரிசையாக நின்ற மற்றவற்றையும் குத்திப் பார்த்தாள். அன்று மாலைக்குள் அந்த வரிசை கடையின் பின்பக்கம் போய்விட்டது. வெர்லனுக்கு, ஆஸ்பத்திரி மருந்து அறையிலிருந்து ஏலத்தில் எடுத்துப் போட்டிருந்த, வட்டச் சுழல் பூட்டு வைத்த பழைய பீரோவைக் கொடுத்தாள். நாலு பேர் தூக்கினோம். தையல் அறையின் தரைச்சட்டத்தோடும் சுவர்ச்சட்டத்தோடும் நான் போல்ட் போட்டு இறுக்கினேன். வீட்டைத் தூக்கினால்தான் அதைத் தூக்க முடியும்.

நவம்பர் வான்கோழி விருந்துக்கு முந்தின நாள் புதன்கிழமை கெண்ட்ராவின் கார் வந்தது. பிள்ளைகள் இறங்கின. பெட்டிகள் இறங்கவில்லை. மோட்டலில் அறை சொல்லி வைத்திருக்கிறது என்று ஓப்பல் என் காதில் சொன்னாள்.

சாக்லெட் டப்பா உள்ளே போனது. பூட்டு சுழன்றது. பிள்ளைகள் மதியச் சாப்பாட்டிலிருந்து அதோடு மல்லுக்கட்டினார்கள். குத்தினார்கள், உதைத்தார்கள், ஹேட்டி டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்டாள், கோல்பி மேலே ஏறி நின்று குதித்தான். நானும் ஒரு கை பார்த்தேன். என் போல்ட் அசையவில்லை. கெண்ட்ரா வாசலில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்லன் அவளைப் பார்க்கவில்லை. பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் கோல்பி தரையில் உட்கார்ந்து, "இது கெட்ட பெட்டி" என்று அழுதான்.

"ஆமா. ரொம்பக் கெட்டது" என்றான் வெர்லன். அவ்வளவு சந்தோஷத்தை அவன் முகத்தில் நான் பார்த்ததில்லை. கெண்ட்ராவையும் பிள்ளைகளையும் திரும்பி நிற்கச் சொல்லிப் பூட்டைத் திறந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தான்; அது இருந்த இடத்தில் அப்பாவின் துப்பாக்கியையும் ரைபிளையும் வைத்துப் பூட்டினான்.

"நம்பர் யாருக்குத் தெரியும்?" என்றாள் கெண்ட்ரா.

"எனக்கும் உங்கம்மாவுக்கும்."

"எழுதி வெச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"மறந்துட்டா?"

"ராய்ஸு வீட்ட ஒடப்பான்."

அவள் பீரோவின் கைப்பிடியைத் தானே இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். தையல் அறை வாசலில் நின்று சமையலறைக் கதவைப் பார்த்தாள். அங்கிருந்து திரும்பிப் பிள்ளைகள் அறையைப் பார்த்தாள். சமையலறைக் கதவை இழுத்துப் பின்னால் எட்டிப் பார்த்தாள். துடைப்பமும் குடையும் நின்றன.

"ஒரு ராத்திரி" என்றாள். "பாத்துட்டுச் சொல்றேன்."

"அதான் மொற" என்றான் வெர்லன்.

அவள் வெளியே போய்க் காரின் பின்கதவைத் திறந்தாள். வெர்லனும் நானும் சமையலறை ஜன்னலில் நின்றோம். ஓப்பல் கேட்பது போல் காட்டிக்கொள்ளாமல் வான்கோழிக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காரில் ஒரு சின்னப் பையும் ஒரு பெரிய பெட்டியும் இருந்தன. கெண்ட்ரா சின்னப் பையை எடுத்தாள்.

"சின்னதா பெருசா?" என்றாள் ஓப்பல், திரும்பாமல்.

"சின்னது" என்றேன்.

"மொதல்ல சின்னதுதான்" என்றான் வெர்லன். பிறகு போய்க் கட்டில் விரிப்பைச் சரிசெய்தான், ஏற்கெனவே சரியாக இருந்ததை.

மறுநாள் விருந்துக்கு நான் போனபோது கோல்பி தலையெல்லாம் கலைந்து, மேப்பிள் பாகு ஒட்டிய சட்டையோடு மேஜைக்கு அடியில் இருந்தான். நல்லாத் தூங்கினாயா என்று கேட்டேன். தாத்தா குறட்டை விட்டார் என்றான். கெண்ட்ரா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெர்லன் ஜன்னலுக்குப் போகவில்லை. கையில் கிரேவிக் கரண்டியோடு, காது மட்டும் வாசல் பக்கம் வைத்து நின்றான். படியில் பெரிய பெட்டியின் சக்கரம் ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு ஏறி வந்தது.